ஸ்டெனோகைரோனோமஸ்: கட்டை குடையும் கடிக்காக் கொசுவின் ஆய்வு வரலாறு

ஸ்டெனோகைரோனோமஸ் என்பது இருசிறகிப் பூச்சிகள் வரிசையில், கைரோனோமிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் ஆகும். பார்வைக்குக் கொசுவைப் போலிருந்தும் கடிக்காத பூச்சிகளைக் கொண்டது இந்தக் குடும்பம். இப்பேரினத்தின் லார்வாக்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும் உளுத்த கட்டைகளையும் உதிர்ந்த இலைகளையும் குடைந்து, அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே வாழ்கின்றன. உலகின் பல பகுதிகளில், குறிப்பாக வெப்பமண்டலக் காட்டு ஓடைகளில், இப்பேரினம் பரவியுள்ளது. 1919-ஆம் ஆண்டு ஜான் ஜாக் கீஃபர் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதற்குப் பெயரிட்டார்.

கடிக்கும் கொசுவைப் பற்றி நூல்கள் ஏராளம். கடிக்காத கொசுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. இந்தப் பேரினத்தின் கதை வழியாக, இந்தியாவில் கடிக்காக் கொசுக்கள் எவ்வாறு ஆராயப்பட்டன, ஏன் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன, சேலம் மாவட்டம் கெங்கவல்லி போன்ற மலையடிவார ஊர்களுக்கு அவற்றால் என்ன பொருள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொசுவும் கடிக்காக் கொசுவும்

மாலை வேளையில் ஏரிக்கரையிலும் கிணற்றடியிலும் தூண் போல எழுந்து சுழலும் பூச்சிக் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அதைக் கொசுக் கூட்டம் என்றே மக்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவை கைரோனோமிடே குடும்பத்து ஆண் பூச்சிகள். பெண் பூச்சிகளை ஈர்ப்பதற்காக அவை கூட்டமாகப் பறக்கின்றன.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. கொசுவுக்கு நீண்ட, ஊசி போன்ற உறிஞ்சுகுழல் உண்டு. கடிக்காக் கொசுவுக்கு அது இல்லை. கொசுவின் இறக்கை நரம்புகளில் செதில்கள் இருக்கும். கடிக்காக் கொசுவின் இறக்கையில் அத்தகைய செதில்கள் இல்லை. கொசு உட்காரும்போது பின்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும்; கடிக்காக் கொசு பெரும்பாலும் முன்னங்கால்களைத் தூக்கி முன்னே நீட்டி வைத்திருக்கும். ஆண் பூச்சியின் உணர்கொம்பு சிறு இறகுப் பூங்கொத்து போல இருக்கும்.

முன்னங்கால்களைத் தூக்கி அசைக்கும் இந்தப் பழக்கமே குடும்பத்தின் பெயருக்குக் காரணம். கிரேக்க மொழியில் 'கெய்ரோனோமோஸ்' என்றால் கைகளை அசைத்து அபிநயம் செய்பவன் என்று பொருள். முத்திரை பிடித்து ஆடும் கலைஞரை நினைவூட்டும் பெயர் அது. 'ஸ்டெனோஸ்' என்றால் குறுகிய என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஸ்டெனோகைரோனோமஸ் ஆயிற்று.

இக்குடும்பத்துப் பூச்சிகளின் வாழ்க்கை நான்கு நிலைகளைக் கொண்டது. தாய்ப்பூச்சி நீரில் பசை போன்ற உறைக்குள் முட்டையிடும். லார்வா நான்கு முறை வளர்பருவம் கடந்து கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு நீர்ப்பரப்புக்கு வந்து தோலை உரித்ததும் பூச்சி பறந்துவிடும். வளர்ந்த பூச்சி சில நாட்களே வாழும். எனவே இதன் உண்மையான வாழ்க்கை நீருக்குள் நடப்பதே. நாம் காண்பது அதன் கடைசி அத்தியாயத்தை மட்டுமே.

இக்குடும்பத்தில் சுமார் 7,000 சிற்றினங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இவை உண்டு. நேபாளத்தின் யாலா பனியாற்றில் உறைபனிக் குளிரிலும் நடமாடும் ஓர் இனத்தை ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா 1984-இல் அறிவித்தார். ஆப்பிரிக்கப் பாறைக் குழிகளில் வாழும் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்னும் இனத்தின் லார்வா, குழி வற்றினால் தானும் முற்றிலும் காய்ந்து சருகாகி, மழை பெய்ததும் மீண்டும் உயிர் பெற்று அசையும். மீன் தொட்டி வைத்திருப்போர் 'ரத்தப் புழு' என்று வாங்கும் சிவப்புப் புழுவும் இக்குடும்பத்து லார்வாவே. அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது உயிர் வாழ அந்த நிறமி உதவுகிறது.

கட்டைக்குள் ஒரு வாழ்க்கை

ஸ்டெனோகைரோனோமஸ் லார்வாவின் உடலமைப்பே அதன் தொழிலைச் சொல்லிவிடும். தலை தட்டையானது. மார்புக் கண்டங்கள் அகன்றவை. உடல் முழுவதும் மேலும் கீழும் அழுத்தியது போல இருக்கும். மரத்தின் நார்களுக்கு இடையிலும் இலையின் இரு தோல்களுக்கு இடையிலும் நுழைந்து செல்ல இந்த அமைப்பு ஏற்றது.

இது பச்சை மரத்தைத் துளைப்பதில்லை. நீரில் கிடந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஊறவைத்து மென்மையாக்கிய கட்டையே இதற்கு வேண்டும். அந்தக் கட்டையைச் சுரண்டித் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டும். உணவும் வீடும் ஒன்றே. இறந்த மரம் சிறு துகள்களாகச் சிதைந்து ஓடையில் கலக்க இது உதவுகிறது. அத்துகள்களை வேறு நீர்ப்பூச்சிகள் உண்கின்றன. அவற்றைத் தும்பியின் இளவுயிரிகளும் மீன்களும் உண்கின்றன. காட்டில் விழுந்த ஒரு கிளை, ஓடையின் உணவுச் சங்கிலிக்குள் நுழையும் வாயில்களில் ஒன்று இந்தப் புழுவின் சுரங்கம்.

வளர்ந்த பூச்சி சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இப்பேரினத்தின் பல இனங்களில் இறக்கையின் குறுக்கே கரும்பட்டைகள் காணப்படும்.

லின்னேயஸ் முதல் தரங்கம்பாடி வரை

உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ், 1758-இல் ஒரு கடிக்காக் கொசுவுக்கு டிபுலா ப்ளூமோசா என்று பெயரிட்டார். இன்று அது கைரோனோமஸ் ப்ளூமோசஸ் எனப்படுகிறது. அவர் காலத்தில் இதற்கெனத் தனிக் குடும்பம் இல்லை.

லின்னேயசின் மாணவர் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் (1745–1808). ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவருக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து இவருக்குப் பூச்சிகள் அனுப்பப்பட்டன. லின்னேயசின் இன்னொரு மாணவரான ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். தாவரங்களோடு பூச்சிகளையும் அவர் சேகரித்தார். சோழமண்டலக் கரையின் பல பூச்சிகள் ஃபாப்ரிசியசின் நூல்கள் வழியே உலக அறிவியலுக்குள் நுழைந்தன.

அதே ஃபாப்ரிசியஸ் 1794-இல் விவரித்த ஐரோப்பியப் பூச்சி ஒன்று இன்று ஸ்டெனோகைரோனோமஸ் கிப்பஸ் என்ற பெயரில் இப்பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆக, பேரினத்துக்குப் பெயர் கிடைப்பதற்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே அதன் உறுப்பினர் ஒன்று அறிவியல் ஏட்டில் ஏறிவிட்டது.

ஒரு பெயருக்காக நடந்த நீண்ட வழக்கு

கைரோனோமஸ் என்னும் பேரினப் பெயரை 1803-இல் அளித்தவர் ஜோஹன் வில்ஹெல்ம் மெய்கன் (1764–1845). பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, குறைந்த வருவாயில் வாழ்ந்துகொண்டே ஈக்களையும் கொசுக்களையும் ஆராய்ந்தவர் இவர். இருசிறகிப் பூச்சிகளின் வகைப்பாட்டுக்கு அடித்தளம் இட்டவர் என்று மதிக்கப்படுகிறார். 1834-இல் ஆங்கிலேயரான எட்வர்ட் நியூமன் இப்பெயரிலிருந்து கைரோனோமிடே என்ற குடும்பப் பெயரை உருவாக்கினார்.

ஆனால் மெய்கன் 1800-ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு கட்டுரையில் இதே பூச்சிகளுக்கு டெண்டிபெஸ் என்று வேறொரு பெயர் இட்டிருந்தார். அந்தக் கட்டுரையை யாரும் கவனிக்கவில்லை. 1908-இல் ஃபிரெடரிக் ஹெண்டல் அதை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். விலங்கியல் பெயரிடல் விதிப்படி முந்திய பெயருக்கே முன்னுரிமை. எனவே ஒரு சாரார் டெண்டிபெடிடே என்றும், மற்றொரு சாரார் கைரோனோமிடே என்றும் எழுதத் தொடங்கினர். ஒரே பூச்சிக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்! நூலகத்தில் தேடும் மாணவர் பாதி நூல்களைத் தவறவிட இதுவே போதுமானதாக இருந்தது.

இந்தக் குழப்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1963-இல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் தனது 678-ஆம் தீர்ப்பில், மெய்கனின் 1800-ஆம் ஆண்டுப் பெயர்களை ஒதுக்கி வைத்தது. அன்று முதல் கைரோனோமிடே என்ற பெயரே நிலைபெற்றது. பழைய இந்திய ஆய்விதழ்களைப் புரட்டுவோர் டெண்டிபெடிடே என்ற சொல்லைக் கண்டால் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

பாதிரியாரும் கல்கத்தா அருங்காட்சியகமும்

இந்தியக் கடிக்காக் கொசுக்களின் ஆய்வு கல்கத்தாவில் தொடங்கியது. 1814-இல் ஏசியாட்டிக் சொசைட்டியால் நிறுவப்பட்ட இந்தியன் மியூசியத்துக்கு 1907-இல் நெல்சன் அன்னண்டேல் (1876–1924) கண்காணிப்பாளர் ஆனார். அதே ஆண்டில் அருங்காட்சியகத்தின் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் கிளைகள் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல் இவர் முயற்சியால் பிறந்தது. அதன் முதல் இயக்குநரும் இவரே.

அன்னண்டேல் நன்னீர் உயிர்களில் ஈடுபாடு கொண்டவர். அருங்காட்சியகத்தில் குவிந்த சிறு பூச்சிகளை அடையாளம் காண வல்லுநர் இந்தியாவில் இல்லை. எனவே அவை கடல் கடந்து கீஃபரிடம் சென்றன. கீஃபர் (1857–1925) லொரேன் பகுதியில் உள்ள பிட்ச் என்னும் சிற்றூரில் பாதிரியாராகவும் பள்ளியில் இயற்கை அறிவியல் ஆசிரியராகவும் இருந்தவர். 1871 முதல் முதல் உலகப் போர் முடியும் வரை அப்பகுதி ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் வகுப்பெடுத்துக்கொண்டே, உலகின் பல அருங்காட்சியகங்களிலிருந்து வந்த பூச்சிகளை அவர் ஆராய்ந்தார்.

1910-இல் அவருடைய இந்தியக் கடிக்காக் கொசுக்கள் பற்றிய முதல் பெரும் கட்டுரை கல்கத்தாவில் பிரெஞ்சு மொழியில் வெளியானது. 1911-இலும் 1913-இலும் தொடர்ச்சிகள் வந்தன. இன்று இந்தியாவில் பரவலாக அறியப்படும் கைரோனோமஸ் ஸ்ட்ரியாட்டிபென்னிஸ் என்னும் இனம் 1910-இல் அவர் பெயரிட்டதே. அக்காலத்தில் கடிக்கும் நுண்பூச்சிகளான செரட்டோபோகோனிடேயும் இதே குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றையும் அவர் சேர்த்தே ஆராய்ந்தார். பின்னரே அவை தனிக் குடும்பமாகப் பிரிந்தன.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919-இல், ஸ்டெனோகைரோனோமஸ் என்ற பெயரைக் கீஃபர் அளித்தார்.

கீஃபரின் பணிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒருபுறம், அவர் இல்லாவிட்டால் வெப்பமண்டல நாடுகளின் எண்ணற்ற கடிக்காக் கொசுக்கள் பெயரின்றியே கிடந்திருக்கும். மறுபுறம், அவர் விவரிப்புகள் பல மிகச் சுருக்கமானவை. ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடும்போது எந்தப் பூச்சியைப் பார்த்துப் பெயரிட்டாரோ, அந்தப் பூச்சியே 'வகைமாதிரி' எனப்படும். பின்னர் ஐயம் எழுந்தால் அதைப் பார்த்தே தீர்க்க வேண்டும். பத்திரப் பதிவில் மூலப் பத்திரம் எப்படியோ, வகைப்பாட்டில் வகைமாதிரி அப்படி. கீஃபரின் வகைமாதிரிகள் பல சிதைந்தோ காணாமலோ போயின. விவரிப்பும் சுருக்கம், மாதிரியும் இல்லை என்றால், அந்தப் பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்பதே வழக்காகிவிடும். அவருக்குப் பின் வந்தவர்கள் புதியன கண்டறிவதற்குச் செலவிட்ட உழைப்புக்கு ஈடாக, பழைய பெயர்களைச் சீர்செய்யவும் உழைக்க வேண்டியிருந்தது.

எழுதப்படாத தொகுதி

பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைத் தொகுதி தொகுதியாக விவரிக்கும் 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' என்னும் நூல்வரிசை புகழ்பெற்றது. அதில் 1912-இல் வெளியான இருசிறகிகள் தொகுதியை எழுதியவர் என்ரிகோ புரூனெட்டி (1862–1927). தொழிலால் இசைக்கலைஞர், கல்கத்தாவில் வாழ்ந்தபோது ஈக்களையும் கொசுக்களையும் ஆராய்ந்தார்.

அந்தத் தொகுதியின் தலைப்பிலேயே, கைரோனோமிடே, கியூலிசிடே ஆகிய இரு குடும்பங்கள் நீங்கலாக என்று குறிப்பிடப்பட்டிருந்தது. கியூலிசிடே என்பது கடிக்கும் கொசுக்களின் குடும்பம். இரண்டும் பெரியவை, தனித் தொகுதிகளுக்கு உரியவை என்பதால் ஒதுக்கப்பட்டன.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கும் அனோபிலிஸ் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்திருந்தார். கடிக்கும் கொசுவைப் பற்றிய அறிவு உயிர் காக்கும் அறிவாயிற்று. 1933-இல் கிறிஸ்டோபர்ஸ் எழுதிய அனோபிலிஸ் தொகுதியும், 1934-இல் பாராட் எழுதிய ஏனைய கொசுக்களின் தொகுதியும் வெளிவந்தன. ஒதுக்கப்பட்ட இரு குடும்பங்களில் ஒன்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. கைரோனோமிடேக்கு அந்த வரிசையில் தொகுதி வரவேயில்லை.

நோய் பரப்பாத பூச்சிக்குப் பணமும் ஆளும் ஒதுக்க அரசுக்குக் காரணம் தோன்றவில்லை. மலேரியாவால் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலத்தில் அந்த முன்னுரிமையைக் குறை கூற முடியாது. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்: இந்திய நீர்நிலைகளில் மிகப் பெரிய எண்ணிக்கையில் வாழும் பூச்சிக் குடும்பங்களில் ஒன்றுக்கு, மாணவர் கையில் எடுத்துப் படிக்க ஒரு கையேடு இல்லாமல் போயிற்று.

ஐரோப்பாவில் மாறிய ஆய்வு முறை

இதே காலத்தில் வெளிநாடுகளில் ஆய்வு முறை மாறியது. ஜெர்மனியின் ஆகஸ்ட் தீனமன் (1882–1960), ஏரியின் அடிச்சேற்றில் எந்தக் கடிக்காக் கொசு லார்வா வாழ்கிறது என்பதைக் கொண்டு ஏரியின் தன்மையைக் கூறலாம் என்று காட்டினார். தெளிந்த, சத்துக் குறைந்த ஏரிகளில் டானிடார்சஸ் வகைகளும், சத்து மிகுந்து ஆக்சிஜன் குறைந்த ஏரிகளில் கைரோனோமஸ் வகைகளும் மிகுதி. நீரின் தரத்தைப் பூச்சியைக் கொண்டு அளக்கும் இன்றைய முறைகளுக்கு இது முன்னோடி. 1928–29-இல் அவர் பங்கேற்ற ஜெர்மன் சுண்டாப் பயணம் ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளின் நீர்நிலைகளை ஆராய்ந்தது. அங்கு கிடைத்த கடிக்காக் கொசுக்களை அமெரிக்க ஆய்வாளர் ஜோஹன்சன் 1932-இல் விவரித்தார். தெற்காசியாவுக்கு அண்மையிலுள்ள வெப்பமண்டலப் பகுதி பற்றிய முக்கியப் பதிவு இது.

1929-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் எட்வர்ட்ஸ், பிரித்தானியக் கடிக்காக் கொசுக்கள் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. ஊசியில் குத்திக் காயவைத்த பூச்சிக்குப் பதில், கண்ணாடிச் சில்லில் பதித்த பூச்சி ஆதாரமாயிற்று.

1966-இல் சுவீடனின் லார்ஸ் புருண்டின் ஒரு பெரும் நூலை வெளியிட்டார். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் கடிக்காக் கொசுக்களின் உறவு முறையை அதில் அவர் ஆராய்ந்தார். கடல் கடந்து பறக்க இயலாத இச்சிறு பூச்சிகள் மூன்று நிலப்பரப்புகளிலும் நெருங்கிய உறவினராக இருப்பதற்கு, அந்நிலங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்ததே காரணம் என்று அவர் காட்டினார். கோண்டுவானா என்னும் பழங்கண்டம் பிரிந்த கதைக்கு ஒரு கொசு சாட்சி சொன்னது. அந்தப் பெயரே நம் நாட்டு கோண்டு மக்களின் நிலத்திலிருந்து வந்தது. நாம் நிற்கும் தென்னிந்தியத் தீபகற்பமும் அக்கண்டத்தின் ஒரு துண்டே.

ஸ்டெனோகைரோனோமசுக்கு முழுமையான ஆய்வு கிடைத்தது 1984-இல். கனடாவின் ஆர்ட் போர்கென்ட் இப்பேரினத்தையும், அமெரிக்கக் கண்டங்களின் செஸ்டோகைரோனோமஸ், ஆஸ்திரேலியா–நியூசிலாந்துப் பகுதியின் ஹாரிசியஸ் ஆகிய உறவுப் பேரினங்களையும் ஒருசேர ஆராய்ந்தார். ஸ்டெனோகைரோனோமசை அவர் இரு துணைப் பேரினங்களாகப் பிரித்தார்: கட்டையைக் குடைபவை ஒரு பிரிவு, இலையைக் குடையும் பெட்டலோபோலியஸ் மற்றொரு பிரிவு. கீஃபர் பெயரிட்டு 65 ஆண்டுகளுக்குப் பின், லார்வா, கூட்டுப்புழு, பூச்சி என எல்லா நிலைகளையும் சேர்த்துப் பேரினத்தின் எல்லை வகுக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில்

விடுதலைக்குப் பின் இத்துறைக்கு உயிர் கொடுத்தது மேற்கு வங்கத்தின் பர்துவான் பல்கலைக்கழகம். பேராசிரியர் பி. கே. சௌத்ரியும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்து, கீஃபரின் பழைய இனங்களை மீண்டும் விவரித்தும் புதியவற்றைச் சேர்த்தும் வந்தனர். 1973-இல் அமெரிக்காவின் சப்லெட் இணையர் கீழைப் பகுதியின் கடிக்காக் கொசுப் பட்டியலை வெளியிட்டிருந்தனர். 2001-இல் சௌத்ரி, ஹஸ்ரா, ஆல்ஃபிரட் ஆகியோர் இந்தியத் துணைக்கண்டத்துக்கெனத் தனிப் பட்டியல் அளித்தனர். புரூனெட்டியின் நூல் விட்ட இடைவெளியில் ஒரு பகுதி, சுமார் 90 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு நிரம்பியது.

1992-இல் சௌத்ரி, தாஸ், சப்லெட் ஆகியோர் பெயரிட்ட கைரோனோமஸ் ரமோசஸ் என்ற இனம் புனேயில் ஆய்வக உயிராகவே ஆயிற்று. கதிர்வீச்சைத் தாங்கும் அதன் திறன் பற்றிப் புனே பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டது. கடிக்காக் கொசு லார்வாவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெரிய நிறப்புரிகளை 1881-இலேயே பால்பியானி கண்டு எழுதியிருந்தார். பள்ளி உயிரியல் பாடத்தில் வரும் 'பாலிடீன் நிறப்புரி' அதுதான். மரபணு செயல்படும்போது நிறப்புரி அந்த இடத்தில் உப்புவதைக் கண்ணால் காண முடிந்ததும் இப்பூச்சியில்தான்.

கெங்கவல்லிப் பகுதிக்கு இதன் பொருள்

கெங்கவல்லி, ஆத்தூருக்கு அருகே, சுவேத நதிப் பள்ளத்தாக்கில் உள்ள வட்டத் தலைநகரம். ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. இம்மலைகளின் ஓடைகள் சேர்ந்து வரும் சுவேத நதி பின்னர் வெள்ளாற்றில் கலக்கிறது. மலைச்சரிவில் காடு; அடிவாரத்தில் நெல், மரவள்ளி, பாக்கு, ஏரி, கிணறு. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருவேறு நீருலகங்கள் இங்கே அடுத்தடுத்து உள்ளன.

சமவெளியின் தேங்கிய, கழிவு கலந்த நீரில் சிவப்பு லார்வாக்கள் பெருகும். சேலம் மாவட்டம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. மரவள்ளிக் கழிவுநீர் போன்ற மாவுச்சத்து மிக்க நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் சேர்ந்தால் ஆக்சிஜன் குறையும். ஹீமோகுளோபின் உடைய லார்வாக்கள் மட்டும் தாக்குப்பிடித்து நிற்கும். ஓரிடத்தில் ரத்தப் புழு மட்டுமே மண்டிக் கிடக்கிறது என்றால், மற்றவை போய்விட்டன என்பதே அதன் பொருள்.

காட்டு ஓடையின் நிலை வேறு. மரநிழலும், ஓடும் நீரும், விழுந்து கிடக்கும் கிளைகளும் உள்ள இடமே ஸ்டெனோகைரோனோமஸ் போன்ற கட்டை குடையும் பேரினங்களுக்கு ஏற்றது. பச்சைமலை, கொல்லிமலைச் சரிவுகளின் காட்டு ஓடைகள் இத்தகைய அமைப்பு உடையவை. ஓடைக்கரை மரங்களை வெட்டிவிட்டால் நீரில் விழக் கிளை இராது. விழுந்த கட்டைகளைக் குப்பை என்று அள்ளி ஓடையைச் 'சுத்தம்' செய்துவிட்டாலும் அப்படியே. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் கட்டையை நம்பி வாழும் உயிர்கள் இல்லாமல் போகும். உளுத்த கட்டை ஓடையின் குப்பை அன்று, ஓடையின் களஞ்சியம்.

இன்னொரு செய்தியும் மாணவர் அறிய வேண்டியது. மாலையில் எழும் எல்லாக் கூட்டத்தையும் கொசு என்று கருதி மருந்தடிப்பதால் டெங்குவோ மலேரியாவோ குறையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டைச் சுற்றியுள்ள தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கிய நல்ல நீரில். பூச்சியை இனம் கண்ட பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதே வேளையில் கடிக்காக் கொசு முற்றிலும் தொல்லையற்றது என்றும் சொல்ல முடியாது. சூடானில் நைல் நதியோரம் பெருந்திரளாக எழும் ஓர் இனம் பலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டியது பதிவாகியுள்ளது. ஹீமோகுளோபினே அங்கு ஒவ்வாமைப் பொருள்.

மாணவர்கள் செய்து பார்க்கக்கூடியவை

இப்பூச்சிகளைக் காணப் பெரிய கருவிகள் தேவையில்லை. பெரியவர் ஒருவர் துணையோடு, நீர் குறைவாக ஓடும் நாளில், வன விதிகளுக்கு உட்பட்டு இவற்றைச் செய்யலாம்.

1. ஓடையில் கிடக்கும் விரல் பருமனுள்ள உளுத்த குச்சி ஒன்றை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு வைத்து, மெல்லப் பிளந்து பார்க்கலாம். தட்டையான, மார்பு அகன்ற சிறு புழு சுரங்கத்துக்குள் இருந்தால் கைக்கண்ணாடியில் பார்த்துப் படம் வரையலாம். பார்த்த பின் குச்சியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

2. ஓடையின் ஓரத்தில் ஒதுங்கும் நுரையை வடிகட்டியில் எடுத்தால், கூட்டுப்புழு உரித்த தோல்கள் கிடைக்கும். உயிரைக் கொல்லாமல் ஓடையில் வாழ்வன எவை என்று அறியும் இம்முறையைத் தீனமன் 1910-லேயே எடுத்துரைத்தார்.

3. இடம், தேதி, நீரின் தன்மை ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். கீஃபரின் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே. பெயரைப் பின்னர் வல்லுநர் சரிபார்த்துக்கொள்ளலாம்; எங்கே, எப்போது கிடைத்தது என்பதைப் பார்த்தவர் மட்டுமே எழுத முடியும்.

நிறைவுரை

மெய்கனும் கீஃபரும் பள்ளியில் கற்பித்தவர்கள். புரூனெட்டி இசைக்கலைஞர். பாதிரியாரும் மருத்துவரும் படைவீரரும் கடற்பயணிகளும் பொறுக்கிச் சேர்த்த துகள்களால் உருவானது இத்துறை. 1794-இல் ஓர் இனம், 1919-இல் பேரினத்தின் பெயர், 1984-இல் அதன் எல்லை, 2001-இல் துணைக்கண்டத்தின் பட்டியல் என்று படிப்படியாகவே அறிவு வளர்ந்தது. கடிக்காத காரணத்தால் ஒரு நூல்வரிசையில் இடம் பெறாமல் போன இப்பூச்சி, கண்டங்கள் பிரிந்த கதையையும் மரபணு இயங்கும் முறையையும் நீரின் நலத்தையும் சொல்லிக்கொடுத்தது. காட்டு ஓடையில் கட்டை கிடக்கும் வரை அதன் சுரங்கமும் இருக்கும். அந்தக் கட்டையை அங்கேயே கிடக்க விடுவது நம் கையில் உள்ளது.